ரெண்டே கால் இன்ச் குழாய்

சிகாமட்
4 மே 2025

ஜீவன் அண்ணனுக்கு,

சுகம் விசாரிக்க இத எழுதல. வேலைக்குத்தான் எழுதுறேன்.

காடிய ஓட்டிக்கிட்டு வந்திருக்குற பொண்ணு பேரு லோஷினி. ஊரு பண்டார் தெங்காரா. சிங்கப்பூர்ல பேக்டரி வேல, லீவு நாள்ல ரேஸ் ஓட்டுறா. இந்த சத்ரியா அவளோட சொந்தக் காடி, 1600 சி.சி. இஞ்சின் வேல, டியூனிங் எல்லாம் நான் பண்ணிக் குடுக்குறேன். எக்சோஸ், அந்தப் புகைக் குழாய் மட்டும் நீங்கதான் பண்ணணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. வேற மூணு பேரு பேர சொல்லிப் பாத்தேன். கேக்கல.

ஆகஸ்ட் 24 இந்த வருஷத்துக் கடைசி ரேஸ். அவ ஓட்டுற 1600 வகுப்புல மொத ரெண்டு எடத்துக்குள்ள வந்தா அடுத்த வருஷம் முழுக்க ஒரு டீம்ல அவளுக்கு சீட்டு. அவளுக்கு வயசு இருபத்தேழு. இதுக்கு மேல இப்பிடி ஒரு சந்தர்ப்பம் வருமான்னு தெரியாது.

வேண்டியது ரெண்டே கால் இன்ச். எழுத்துலயும் போடுறேன்: இரண்டு இன்ச், அதுக்கு மேல ஒரு கால் இன்ச். மில்லியிலயும் போடுறேன்: 57. குழாய் ஒண்ணே ஒண்ணு. பின்னால வெளிய வர்ற வாயும் ஒண்ணே ஒண்ணு. போன்ல சொல்ல மாட்டேன். கால் பண்ணி கால் சொன்னா என்ன ஆகும்னு போன வருஷம் மார்ச்ல பாத்தாச்சு.

ஏன் ரெண்டே கால்னு கேப்பீங்க. டர்போ இல்லாத இஞ்சின், டைனோவுல சக்கரத்த உருளை மேல ஓட விட்டு அளந்தா 138 குதிர. ரெண்டு இன்ச் போட்டா இஞ்சினுக்கு ஏழாயிரம் சுத்துல மூச்சு முட்டும். ரெண்டரை போட்டா பெரிய குழாய்க்குள்ள புகை மெதுவாப் போகும், கீழ இழுவ செத்துரும். அந்த சர்க்கிட்டுல நேர் ரோடு கம்மி, வளைவுதான் ஜாஸ்தி. வளைவுல இருந்து வெளிய வரும்போது இழுவ இல்லன்னா காடி மாடுதான். சத்தமும் 100 டெசிபலுக்கு மேல போகக் கூடாது. போச்சுன்னா கேட்டுலயே திருப்பி அனுப்பிருவாங்க.

பதிலும் எழுத்துலயே வேணும். லோஷினி கையில குடுங்க, டேஷ்போர்டுல வச்சி எடுத்துட்டு வந்துருவா.

தனலெட்சுமி


சிம்பாங் ரெங்கம்
11 மே 2025

தனம்,

ஒரு வருஷம் ரெண்டு மாசம் கழிச்சி கூடப் பொறந்த தங்கச்சிகிட்ட இருந்து காயிதம். பிரிச்சா உள்ள மில்லி கணக்கு. அலமாக்! சமாதானத்துக்கு எழுதியிருக்கியோன்னு அண்ணி ஓடி வந்து பக்கத்துல நின்னா. படிச்சிக் காட்டுனேன். சிரிச்சிட்டு சோறாக்கப் போயிட்டா.

எழுத்துலயும் போட்டு நம்பர்லயும் போட்டியே, ரொம்ப சந்தோஷம். போன வருஷமும் அப்பிடிப் போட்டிருந்தா திருச்செல்வம் காடிக்கு அந்த கதி வந்திருக்காது. நீ சாமான் வாங்க ஜே.பி. டவுனுக்குப் போன எடத்துல இருந்து கால் பண்ணி "ரெண்டு கால் போடுங்க"ன்ன. நான் ரெண்டு கால் போட்டேன். எடது பக்கம் ஒரு குழாய், வலது பக்கம் ஒரு குழாய். மறுநாள் ரேஸ்ல மொத வளைவுலயே ஒரு கால் கல்லுல அடிச்சி பிஞ்சி தொங்குச்சு. நீ நேரா நம்ம பட்டறைக்கு, பெங்கெலுக்கு வந்து, திருச்செல்வம் நிக்கிறான், பக்கத்து டயர் கட மொதலாளி தாவ்கே நிக்கிறான், அவங்க முன்னால என்னப் பாத்து ஒரு பழமொழி சொன்ன. அத நான் இங்க எழுத மாட்டேன். வெளிய போன்னேன். போன. ஏழு வருஷம் ஒரே கூரைக்குக் கீழ வேல செஞ்சது ஏழு நிமிஷத்துல முடிஞ்சது.

சரி, வேலைக்கு வரேன்.

நல்ல இஞ்சின். நல்லா பண்ணியிருக்க. ஆனா ரெண்டே கால் பத்தாது. ரெண்டரை போட்டிருக்கேன், 63 மில்லி. நீ கம்ப்யூட்டரப் பாத்து சொல்ற, நான் காத வச்சி சொல்றேன். இருவத்திரெண்டு வருஷமா இதான் என் தொழிலு. ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் பின்னால நின்னா இஞ்சினே சொல்லிரும் தனக்கு எந்த சைஸு வேணும்னு. ரெண்டே காலு வச்சிப் பாத்தேன், தொண்ட கட்டுன கெழவன் மாதிரி இருந்துச்சு. ரெண்டரையில அடி வயித்துல வந்து நிக்கிது பாரு சத்தம், ஆனா காத குத்தல. 100 டெசிபல் எல்லாம் தாண்டாது. நான் கேட்டுட்டுத்தான் சொல்றேன்.

அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு. ஆனா ரொம்ப மெதுவா பேசுது. சொல்லி வை.

ஜீவன்


சிகாமட்
18 மே 2025

அண்ணனுக்கு,

நேத்து டைனோவுல ஏத்துனேன். மூவாயிரத்துல இருந்து நாலாயிரத்தி ஐநூறு சுத்து வரைக்கும் இழுவ நூத்துக்குப் பதினொன்னு கொறஞ்சிருக்கு. மேல ஏழாயிரத்துல ரெண்டு குதிர கூடியிருக்கு. லோஷினி அந்த சர்க்கிட்டுல ஏழாயிரத்துல இருக்குறது ஒரு சுத்துக்கு மொத்தமா ஆறு செக்கண்டு. அந்த ரெண்டு குதிரய வச்சி நான் என்ன பண்றது, படம் புடிச்சி மாட்டவா?

சத்தம் 104. மீட்டர மாத்தி வேற மீட்டர்லயும் பாத்தேன். 104தான். காத குத்தலன்னு எழுதியிருக்கீங்க. இங்க ரெண்டு கட தள்ளி சவரக் கட வச்சிருக்குற ஆளு, கத்தியோட வெளிய வந்து எட்டிப் பாத்தாரு.

போன வருஷத்தப் பத்தி நான் எழுத வேணாம்னுதான் இருந்தேன். நீங்க ஆரம்பிச்சதால சொல்றேன். நான் சொன்னது ரெண்டே கால். ரெ-ண்-டே கால். 1600 இஞ்சினுக்கு எந்தப் பைத்தியமாச்சும் ரெண்டு பக்கமும் குழாய் விட சொல்லுமா? காதுல சரியா விழலன்னா திருப்பிக் கேட்டிருக்கலாம். நீங்க கேக்கல. திருச்செல்வம் ஊரெல்லாம் சொன்னது உங்க பேர இல்ல, என் பேர. "அந்தப் பொம்பளக்கி சைஸு சொல்லத் தெரியல"ன்னு. சிம்பாங் ரெங்கத்துல எனக்கு அதுக்கப்புறம் ஒரு காடி வரல. சிகாமட்டுக்கு நான் ஆசப்பட்டு வந்ததா நெனச்சிக்கிட்டீங்களா?

விடுங்க. ரெண்டே கால் போட்டு அனுப்புங்க. லோஷினி மெதுவாப் பேசல. அவ சர்க்கிட்டுல இருந்து கத்துனா எனக்கு இங்க கேக்கும்.

தனலெட்சுமி


சிம்பாங் ரெங்கம்
8 ஜூன் 2025

தனம்,

பிடிவாதத்துல நீ நம்ம அப்பாவத் தாண்டிட்ட.

முன்பாதி ரெண்டே கால் போட்டிருக்கேன். நடுவுல இருந்து பின்னால ரெண்டரைதான். முழுசா ரெண்டே கால் போட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாத்தேன், ஆறாயிரம் சுத்துக்கு மேல சத்தமே இல்ல. செத்துப் போச்சு. இஞ்சின் ஓடுதா நின்னுருச்சான்னு முள்ளப் பாத்துத்தான் தெரிஞ்சிக்கிட்டேன். அப்பிடி ஒரு குழாய என் பேரப் போட்டு எப்பிடி வெளிய விடுறது? நாளைக்கி நாலு பேரு "இது ஜீவன் பண்ணதா"ன்னு கேப்பான்.

மார்ச் விஷயத்துல நீ ரெண்டுன்னுதான் சொன்ன. அவ்ளோதான். திருச்செல்வம் உன்னப் பத்தி அப்பிடிப் பேசுனது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா பேச விட்டிருக்க மாட்டேன். அத நீ நம்புனாலும் சரி, நம்பாட்டியும் சரி.

ஒண்ணு கேக்கணும். நாம கட தொறந்த புதுசுல திருச்செல்வத்தோட மொத காடிக்கு ஒரு குழாய் போட்டோமே, அது என்ன சைஸு? அந்த சத்தம் இன்னும் என் மண்டைக்குள்ள இருக்கு. சுத்தமா, ஒரு பிசிறு இல்லாம மேல ஏறும். அந்த மாதிரி சத்தம் இப்ப எந்தக் குழாய் போட்டாலும் வர மாட்டேங்குது. இப்ப வர்ற குழாயெல்லாம் சரியில்லன்னு நெனைக்கிறேன், தகடு மெலிசு. நீ அப்ப எல்லாத்தயும் போன்ல படம் எடுத்து வப்ப. பாத்து சொல்லு.

ஜீவன்


சிகாமட்
29 ஜூன் 2025

அண்ணே,

பழைய போன தேடி எடுத்து சார்ஜ் போட்டேன். படமெல்லாம் அப்பிடியே இருக்கு. ஒவ்வொரு காடிக்கும் குழாய் பக்கத்துல கேலிப்பர் வச்சி நான் எடுத்தது. மூணு நாள் உக்காந்து பாத்தேன்.

நீங்க கேட்ட காடி 2017. 1600, டர்போ இல்ல. ரெண்டு இன்ச். உங்க மண்டைக்குள்ள இருக்குற சத்தம் ரெண்டு இன்ச் குழாயோட சத்தம்.

அதே மாதிரி இஞ்சின் 2020ல ஒண்ணு வந்துச்சு, யோங் பெங் வாத்தியாரோடது. ரெண்டே கால் போட்டிருக்கீங்க. அடுத்த வருஷம் வந்ததுக்கு ரெண்டரை. 2023 தீபாவளிக்கு முன்னால ஒரு 1500க்கு மூணு இன்ச் போட்டிருக்கீங்க அண்ணே. மூணு! அது லோரிக்குப் போடுற சைஸு. அந்தக் காடிய நானே டியூன் பண்ணியிருக்கேன், இழுவ இல்லன்னு ரெண்டு நாள் மண்டைய ஒடச்சிக்கிட்டது ஞாபகம் இருக்கு. அப்ப எனக்கு ஒண்ணும் தோணல. வரிசையா வச்சிப் பாத்தப்பதான் பக்குன்னு இருந்துச்சு.

இஞ்சின் பெருசாகல. குழாய்தான் வருஷா வருஷம் பெருத்துக்கிட்டே வருது.

லோஷினி ஒண்ணு சொன்னா. உங்க பெங்கெல்ல காடி நிக்கும்போது பெல்ட்டு கீச்சு கீச்சுன்னு கத்துச்சாம், ரோட்டுல போறவன் திரும்பிப் பாத்தானாம். நீங்க பானெட்ட தொறந்து வச்சிக்கிட்டு பக்கத்துலயே நின்னு "இஞ்சின் பட்டு மாதிரி ஓடுது"ன்னீங்களாம். அவ பேச பயந்துக்கிட்டு சும்மா இருந்துட்டா.

பெரிய குழாய்ல வர்றது அடி சத்தம். அது உங்களுக்குக் கேக்குது. சின்ன குழாயோட மேல் சத்தம் கேக்கல, அதனால செத்துப் போச்சுங்கறீங்க. குழாய் செத்துப் போகல அண்ணே. தகடும் மெலிசு இல்ல. இருவத்திரெண்டு வருஷம் கட்டிங் மிஷின் பக்கத்துல காதுக்கு ஒண்ணும் போடாம நின்னீங்க.

குளுவாங் ஆஸ்பத்திரியில காது டெஸ்ட் பண்ணுவாங்க. போய்ட்டு வாங்க. காடிய இந்த தடவ டைனோவுல ஏத்தாம அப்பிடியே திருப்பி அனுப்புறேன், பின்பாதியும் ரெண்டே கால் ஆகட்டும்.

தனம்


சிம்பாங் ரெங்கம்
6 ஜூலை 2025

தனலெட்சுமிக்கு,

குழாய் சைஸு கேட்டா காத அளக்குற. போன தடவ எல்லார் முன்னாலயும் வாயால சொன்னத இப்ப படத்தோட, தேதியோட எழுதி அனுப்பியிருக்க. நல்லா இரு.

என் காதப் பத்தி எனக்குத் தெரியும். காடியத் தொடல. வேற ஆளப் பாத்துக்க.

ஜீவன்


சிகாமட்
13 ஜூலை 2025

அண்ணே,

காடிய மறுபடியும் உங்ககிட்டயே அனுப்புறேன். திருப்பி அனுப்புனா இன்னொரு தடவ அனுப்புவேன். பெட்ரோல் லோஷினியோடது, எனக்கு கவல இல்ல.

வேற ஆளு இல்ல. ஒருத்தன்கிட்ட ரெண்டே கால் குடுத்து வளைக்க சொன்னேன். மிஷின்ல வச்சி அமுக்குனான், வளைவுல குழாய் சப்பி ஒன்னே முக்கால் ஆயிருச்சு. நேர்ல ரெண்டே கால், வளைவுல ஒன்னே முக்கால்னா அது ஒன்னே முக்கால் குழாய்தான். நீங்க உள்ள மணல் நெரப்பி, சூடு காட்டி வளைக்கிற மாதிரி இங்க ஒருத்தனுக்கும் வரல. அதுக்கு கை வேணும், கண்ணு வேணும். காது வேணாம். இத நீங்களே யோசிச்சிப் பாத்திருக்கலாம்.

படம், தேதி எல்லாம் உங்கள மட்டம் தட்ட எழுதல. எனக்கு பயமா இருந்துச்சு. பெங்கெல்ல நீங்க தனியா இருக்கீங்க. காடி பின்னால வந்தா கேக்குமா, கேஸ் சிலிண்டர் வாய் தொறந்திருந்தா உஸ்ஸுங்கற சத்தம் கேக்குமா? ராத்திரி படுத்தா இதான் ஓடுது. கோவம் எனக்கு இன்னும் இருக்கு, இல்லன்னு சொல்லல. கோவமும் பயமும் ஒண்ணாத்தான் இருக்கு.

இன்னொரு விஷயமும் எழுதணும்னு இருந்தேன். பேனாவ எடுத்தா கை வரல. அப்புறம் பாத்துக்கலாம்.

ரேஸுக்கு ஆறு வாரம் இருக்கு.

தனம்


சிம்பாங் ரெங்கம்
3 ஆகஸ்ட் 2025

தனம்,

போனேன். யாரும் தள்ளிட்டுப் போகல, நானாத்தான் போனேன். அண்ணிகிட்ட பல்லு வலின்னு சொல்லிட்டுப் போனேன்.

ஒரு சின்ன ரூம்புக்குள்ள உக்கார வச்சி, தலையில ஹெட்போன மாட்டி, கையில ஒரு பட்டனக் குடுத்துட்டாங்க. சத்தம் கேட்டா அமுக்கணும். நான் விடுவனா, நல்லா அமுக்கிக்கிட்டே இருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்த மலாய்க்கார அம்மா எழுந்து வந்து கதவத் தொறந்து, "என்சிக், சாயா பெலும் முலா லாகி"ன்னுது. இன்னும் நான் ஆரம்பிக்கவே இல்லங்குது! எனக்கு சிரிப்பு வந்துருச்சு. அதுக்கு சிரிப்பு வரல.

கடைசியில ஒரு தாள் குடுத்தாங்க. உன் டைனோ தாள் மாதிரியேதான் இருக்கு, கோடு போட்டு. ஆயிரம், ரெண்டாயிரம் வரைக்கும் சுமாரா வருது. மூவாயிரத்துல இருந்து பள்ளத்துல உருண்ட மாதிரி விழுது. நாலாயிரத்துல ஒண்ணுமே இல்ல. ரெண்டு காதும் அதே கததான். உன் டைனோவுல இப்பிடி விழுந்தா வால்வு போயிருச்சும்ப. இதுக்கு வால்வு மாத்த முடியாதாம். போனது போனதுதான், மிச்சத்துக்கு மிஷின் வச்சிக்கலாமாம்.

அஞ்சு வருஷமா எனக்குத் தெரியும் தனம். கஸ்டமர் பேசுனா வாயப் பாத்து தலையாட்டுவேன். அண்ணி உள்ள இருந்து கூப்பிட்டா கோவத்துல பேசாத மாதிரி உக்காந்திருப்பேன். அவ அத நம்பி ரெண்டு நாள் பேசாம இருப்பா. போன் வந்தா "பிஸிலா, அப்புறம் கூப்பிடு"ன்னு வச்சிருவேன். சிம்பாங் ரெங்கத்துல இருந்து குளுவாங் வரைக்கும் ஜீவன்னா காதாலயே சைஸு சொல்றவன்னு பேரு. அந்தப் பேர வச்சித்தான் எங்க வீட்டுல சோறு. அவனுக்கு காது கேக்காதுன்னு தெரிஞ்சா எவன் காடியக் கொண்டாந்து விடுவான்? இதத்தான் பயந்தேன். இப்பவும் பயமாத்தான் இருக்கு.

அன்னைக்கு நீ செவிடன் காதுல சங்கு ஊதுன மாதிரி இருக்குன்ன. கோவத்துல எல்லாரும் சொல்றதுதான், நீ தெரிஞ்சி சொல்லல. எனக்கு நடு ரோட்டுல சாரோங்க உருவுன மாதிரி ஆயிருச்சு. இவளுக்குத் தெரிஞ்சிருச்சு, இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிரும்னு நெனச்சேன். அதனாலதான் அப்பிடி வெரட்டுனேன்.

தப்பு என்னுது. நீ ரெண்டே கால்னுதான் சொல்லியிருப்ப. என் தங்கச்சிக்கு சைஸு சொல்லத் தெரியாதுன்னு ஒருத்தன் பேசுற மாதிரி ஆனதும் என்னாலதான். மன்னிச்சிக்க.

குழாய் முடிஞ்சது. முழுசா ரெண்டே கால், ஒத்தக் குழாய். எட்டு எடத்துல கேலிப்பர் வச்சேன், வளைவுல கூட 56க்குக் கீழ போகல. ஸ்டார்ட் பண்ணி பின்னால நான் நிக்கல. லோஷினிய நிக்க சொன்னேன். எப்பிடி இருக்குன்னு கேட்டேன். சுத்தமா இருக்கு அங்கிள்னு சொல்லுச்சு. அந்தப் பொண்ணு சொன்னத நம்பி அனுப்புறேன். இது வரைக்கும் நான் அப்பிடி ஒரு குழாய அனுப்புனதில்ல.

ஜீவன்


சிகாமட்
25 ஆகஸ்ட் 2025

அண்ணே,

லோஷினிக்கு ரெண்டாவது எடம். சீட்டு கெடச்சிருச்சு. மொத ஆளுக்கும் அவளுக்கும் அர செக்கண்டு கூட இல்ல. கேட்டுல சத்தம் அளந்தாங்க, 97. கீழ இழுவ முழுசா திரும்பி வந்துருச்சு, மேல ஒரு குதிரதான் கம்மி. கடைசி வளைவுல இருந்து வெளிய வரும்போது முன்னால போன காடிய சும்மா இழுத்துப் புடிச்சா. எறங்குனதும் ஹெல்மெட்டக் கூட கழட்டல, "அங்கிளுக்கு சொல்லணும்"னு அழுவுறா. போன் பண்ண வேணாம், நான் எழுதுறேன்னு சொன்னேன்.

இதோட நிறுத்திக்கலாம்னு நேத்து ராத்திரி பூராவும் நெனச்சேன். முடியல.

பழைய போன்ல படம் மட்டும் இல்ல அண்ணே. அந்த போன்ல வர்ற கால், போற கால் எல்லாம் தானா ரெக்கார்ட் ஆகியிருக்கு. எனக்கே தெரியாது. படம் தேடும்போது கண்ணுல பட்டுச்சு. 2024 மார்ச், திருச்செல்வம் ரேஸுக்கு மொத நாளு, சாயங்காலம் நாலே கால். உங்க நம்பரு. உங்களுக்கு அனுப்பி வாய அடைக்கலாம்னு ஆசையாத்தான் அமுக்கினேன்.

நான் சொன்னது ரெண்டு கால். "அண்ணே, திருச்செல்வம் காடிக்கு ரெண்டு கால் போடுங்க, காலையில வேணும்." ரெண்டேன்னு இல்ல. ரெண்டு. சாமான் கடையில கூட்டம், அவசரத்துல ஏகாரத்த முழுங்கிட்டேன். ஒரு வருஷமா நான் ரெ-ண்-டேன்னு நீட்டி சொன்ன மாதிரி எனக்கு ஞாபகம். சாமி மேல சத்தியம் பண்ணியிருப்பேன். பத்துப் பன்னெண்டு தடவ திருப்பித் திருப்பிக் கேட்டேன். மாறல.

திருச்செல்வம் என்னப் பத்தி சொன்னது சரிதான். நீங்க சரியாத்தான் செஞ்சீங்க. நான்தான் தப்பா சொல்லிட்டு, உங்கள நிக்க வச்சி அந்தப் பழமொழிய சொன்னேன்.

இதக் கேட்டு ரெண்டு மாசம் ஆவுது. குழாய் கணக்க எழுதுனப்பவே எழுதியிருக்கணும். எழுதுனா நீங்க "பாத்தியா, என் காதுக்கு ஒண்ணுமில்ல"ன்னு டெஸ்டுக்குப் போக மாட்டீங்க, அதனால மறைக்கிறேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அதுல கொஞ்சம் நிஜம் இருக்கு. ஆனா வெக்கம்தான் அண்ணே. இத்தன நாளு நான் கட்டி வச்சிருந்த கோவமெல்லாம் எங்க போய் நிக்கும்? அப்புறம் உங்க காயிதம் வந்துச்சு. மன்னிச்சிக்கன்னு எழுதியிருந்தீங்க. அத மடிச்சி கவருக்குள்ள வச்சவ இன்னும் வெளிய எடுக்கல.

காது டெஸ்ட் எடுத்தத அண்ணிகிட்ட சொல்லிட்டீங்களா?

தனம்


சிம்பாங் ரெங்கம்
30 ஆகஸ்ட் 2025

தனம்,

லோஷினிக்கு என் வாழ்த்த சொல்லு. நல்லா ஓட்டியிருக்கு.

அண்ணிகிட்ட சொல்லிட்டேன். "அப்ப நான் ரெண்டு ரெண்டு நாளா சும்மா பேசாம இருந்தனா"ன்னு கேட்டு தட்டத் தூக்கிக்கிட்டு வந்தா. அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து உன் காயிதத்தப் படிச்சோம்.

நான் சரியாக் கேட்டேன்னு எழுதியிருக்க. அப்பிடியே வச்சிக்கிட்டா எனக்கு கௌரவம்தான். திருச்செல்வத்தக் கூப்பிட்டு அந்த ரெக்கார்டிங்க போட்டுக் காட்டலாம். ஒரு நாள் பூரா அந்த ஆசையோடதான் இருந்தேன்.

ஆனா நான் கேக்கவே இல்ல தனம். அன்னைக்கு கம்ப்ரஸர் ஓடிக்கிட்டு இருந்துச்சு. உன் குரலு தெரிஞ்சது, திருச்செல்வம் பேரு தெரிஞ்சது, அப்புறம் "கால்". அவ்ளோதான். முன்னால ரெண்டா, மூணா, ஒன்னேவா, ஒண்ணும் வெளங்கல. ரெண்டு கால்னுதான் சொல்லியிருப்பன்னு நானா ஒட்டிக்கிட்டேன். ஆஸ்பத்திரியில பட்டன அமுக்குன மாதிரிதான். நீ ரெண்டே கால்னு தெளிவா சொல்லியிருந்தாலும் நான் ரெண்டு காலுதான் போட்டிருப்பேன். ஒரு வருஷம் உன்கிட்ட அடிச்சிப் பேசுனது எல்லாம் வாய் வீராப்பு. இன்னொரு தடவ சொல்லுன்னு நான் கேட்டிருந்தா நீ சரியா சொல்லியிருப்ப. கேக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு.

ரெக்கார்டிங்க அழிச்சிரு.

காது மிஷின் வர ரெண்டு மாசம் ஆகுமாம். வந்தாலும் போன்ல எனக்கு சரியா வராதுன்னுதான் சொல்றாங்க. காயிதம் எழுதி எழுதி கையும் வலிக்கிது. ஞாயித்துக்கெழம வா. வெளிச்சம் இருக்குற எடத்துல எதிர்ல உக்காந்து பேசு, வாயப் பாத்து பாதி புரிஞ்சிக்குவேன். புரியலன்னா, இன்னொரு தடவ சொல்லுன்னு கேக்குறேன்.

அண்ணன்
ஜீவன்